இடது எங்களுடையது, வலது மார்வாவுடையது

மே 24, வெள்ளி

நீண்ட விடுமுறை. ஏரிக்கரைப் பூங்காவில் வீட்டு வண்டிகளை நிறுத்த ஒரு இடம்கூடக் காலி இல்லை. காலையிலிருந்து ஆறு பேருக்குப் பாடம் எடுத்தாயிற்று: வயரைப் பிடுங்கும் முன் கம்பத்தில் ஸ்விட்சை அணை, சொருகும் முன்னும் அணை. நாற்பது வருஷம் மின்கம்பம் ஏறியவன் சொல்கிறேன், ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. என் மனைவி லரூ வாயை மூடிக்கொண்டிருப்பாளா? "கேம்ப்ப பாத்துக்கத்தான் நம்மள இங்க தங்க விட்டிருக்காங்க, ஆரின். ஸ்கூல் நடத்த இல்ல."

பக்கத்து இடத்துக்கு எங்கள் சிநேகிதி மார்வா வந்துவிட்டாள். கணவன் கிளென் இறந்தபின் ட்ரெய்லர் வீட்டைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்த முதல் பயணம். பின்பக்கமாக ஓட்டி நிறுத்த நான் கைகாட்டினேன். நாலாவது தடவை கச்சிதமாக நின்றது. "பாஸா ஃபெயிலா, கரண்ட் வாத்தியாரே?" என்றாள். பாஸ் என்றேன். அவள் நாய் மாபெல் இறங்கிவந்து என் செருப்பில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. பதின்மூன்று வயசுக் கிழவி.

இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரே மின்கம்பம். இடது ஸ்விட்ச் எங்களுடையது, வலது மார்வாவுடையது.

மே 27, திங்கள்

மாபெல் செத்துவிட்டது.

வெளியே நூற்றிரண்டு டிகிரி. ஏசியைப் போட்டு, நாயை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுத்தான் மார்வா லரூவோடு துடுப்புப் படகில் போனாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது ஏசி ஓடவில்லை. உள்ளே அடுப்புச் சூடு. பழைய ஏசி. கிளென் தன் கையால் ரிப்பேர் பார்த்தது.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

மே 28, செவ்வாய்

நேற்று எழுதியது பொய் இல்லை. ஏசி பழசுதான்.

செம்பாறைச் சரிவுக்குக் கீழே, பூங்காக்காரர்கள் காட்டிய இடத்தில் நானே குழி வெட்டினேன். மணலுக்குக் கீழே ஒரே பாறை, கடப்பாரை போட வேண்டியிருந்தது. லரூ ஒரே புலம்பல். "அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கையப் புடிச்சு படகுல ஏத்துனேன்."

மார்வா வீட்டில் மைக்ரோவேவ் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன், வாத்தியாரே" என்றாள்.

மே 30, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

திங்கள் காலை பத்தேகாலுக்கு எங்கள் வீட்டு வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யக் கிளம்பினேன். வயரைப் பிடுங்கும் முன் ஸ்விட்சை அணைத்தேன் — ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, அதேபோல. அந்த நேரம் எவனோ வேகமாகக் கார் ஓட்டினான். அவனைத் திட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே அமுக்கினேன். வலது பக்கத்தை.

தொட்டி காலிசெய்யும் இடத்தில் பெரிய வரிசை. திரும்பும்போது பன்னிரண்டு. கம்பத்தைப் பார்த்தேன். எங்கள் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. அவளுடையதுதான் அணைந்திருந்தது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. தட்டிப் போட்டேன். அவள் வாசல் விளக்கு எரிந்தது. சரி, ஏசியும் ஓடும் என்று வைத்துக்கொண்டேன். கரண்ட் போய் வந்தால் அந்த மாதிரி ஏசியை மறுபடி பொத்தானை அழுத்தித்தான் போட வேண்டும். எனக்கா தெரியாது? காதுகொடுத்துக் கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் பார்க்க வேண்டும்.

சாவி படிக்கு அடியில் இருப்பதை வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

அப்போது உயிர் இருந்ததா? இன்னும் ஒரு மணிநேரம் அந்தச் சூட்டில்... கரண்ட் போய் வந்தால்தான் அந்தக் கடிகாரம் அப்படி மின்னும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரிசெய்தேன்.

ஜூன் 3, திங்கள்

ஊரிலிருந்து ஏசி மெக்கானிக் வந்தான். அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். "ஒரு கொறையும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் நல்லா செஞ்சிருக்கார்."

இதைக் கேட்டால் மார்வாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "அப்போ நான்தான் போடாமப் போயிட்டேன்" என்றாள். "போட்டேன்னு நல்லா ஞாபகம் இருக்கு, ஆரின். எங்கம்மாவும் இப்படித்தான். அடுப்ப அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவா."

வாயைத் திறந்தேன். வெயிலில் நிற்காதே என்றேன். அதுதான் வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஸ்விட்சைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று லரூ கேட்டாள்.

ஜூன் 6, வியாழன்

மார்வாவின் மகன் பிரென்ட் போய்சி நகரத்திலிருந்து வந்திருக்கிறான். நல்ல பையன்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. "இன்னிக்கு நாய், நாளைக்கு கேஸ் அடுப்புன்னா என்னம்மா பண்ணுவே? எங்க வீட்ல கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு." ட்ரெய்லரை வாங்க ஒரு ஆள் சனிக்கிழமை வருகிறானாம். டாக்டரிடமும் நேரம் வாங்கிவிட்டான், மறதிக்கு.

மார்வா எதிர்த்துப் பேசவில்லை. தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இப்போ நான் எதச் சுத்திட்டிருக்கேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று சிரித்தாள்.

அடப்பாவி, உனக்கு இன்னும் என்ன வேண்டும்? ஒரு பொம்பளை தன் புத்தியையே நம்பாமல் நிற்கிறாள், நீ உன் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்.

ஜூன் 8, சனி

முதலில் லரூவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பத்து நாளா நான் அழுதத பாத்துட்டே இருந்தியா?" ஆமாம் என்றேன். "போ. இப்பவே போய் சொல்லு. நான் வரமாட்டேன்."

பிரென்டும் மார்வாவும் வெளியே நிழலில் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கடிகாரம் உட்பட. பிரென்ட் எழுந்துவிட்டான். மார்வா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எத்தனை மணிக்கு அணைச்சீங்க?"

"பத்தேகால்."

"திரும்பப் போட்டது?"

"பன்னெண்டு."

"சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே."

தெரியும் என்றேன்.

யாரோ படகில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். மார்வா மகனிடம், "நான் போட்டுட்டுத்தான் போனேன்" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். "அந்த ஆளுக்கு போன் பண்ணு. வண்டி விக்கலைன்னு சொல்லிடு."

மன்னிப்புக் கேட்டேன். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இந்த சீசனோடு வேலையை விடுகிறேன் என்று பூங்கா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். காரணத்தையும் எழுதினேன். லரூ இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

காலை ஏழு மணிக்கு மார்வா கிளம்பினாள். வடக்கே, மலைப்பக்கம், குளிருக்கு. பிரென்ட் இரண்டு நாள் பின்னாலேயே காரில் வருகிறானாம், அதற்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டாள். லரூ கூடாரத்துணியை மடிக்க உதவினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் எங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் ஏற்றியபின் கம்பத்தருகே நின்று, "ஆரின், இங்க வாங்க" என்றாள். வாத்தியாரே என்று சொல்லவில்லை. போனேன்.

"இதுல என்னோடது எது?"

"வலது."

"அணைங்க."

விரலை வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து, அணைத்தேன். அவள் வாசல் விளக்கு அணைந்தது. அதையும் பார்த்துக்கொண்டாள். பிறகு வயரைப் பிடுங்கிச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வெளியேறும் வளைவில் எப்போதும் நான்தான் நின்று கைகாட்டுவேன். இன்றும் போய் நின்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினாள். ஒரே தடவையில் திருப்பிவிட்டாள்.