மழைமானியில் நான் ஊற்றியது

மே 6
நாற்பத்திரண்டு நாளாய் ஒரு தூறல்கூட இல்லை. வெயில் மண்ணைச் சுட்டு ஓடாக்கிவிட்டது. பள்ளி மாடியில் இருக்கும் மழைமானிக்கு நான்தான் பொறுப்பு: காலை எட்டரைக்கு அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் விடுமுறை என்பது தலைமை ஆசிரியர் போட்ட விதி. விதியை மதியால் வெல்லலாம். போன இரண்டு வருடத்தில், லேசாகத் தூறிய நாட்களாகப் பார்த்து, ஐந்து முறை என் தண்ணீர் பாட்டிலை அதற்குள் கவிழ்த்திருக்கிறேன். ஐந்து விடுமுறை. எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும் தெரியும்.

மே 7
கீழ்த் தெருத் தையல்காரரின் அளவு நாடாவில் ஏழு முடிச்சு போட்டது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். "உன் வாலை அளக்க இந்த நாடா பத்தாது" என்றார். அவர் தம்பி சிரித்த சிரிப்பில் மிஷின் நூல் அறுந்துவிட்டது.

மே 8
பகல் பன்னிரண்டுக்கே இருட்டு. இது என்ன மழையா, கல்லெறியா?

மே 9
நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.
வெயில் சுட்ட மண் நேற்று ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அப்பா நீர்த்தேக்கத்தில் மதகு இயக்குபவர். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் திறக்க வேண்டும், அதற்கு முன் கூடாது. அது அவருக்குப் போட்ட விதி. நாலு மணிக்குத் தொட்டது. திறந்தார். நாலே காலுக்குக் கீழ்த் தெருவில் கதவுகள் பிய்ந்தன. தண்ணீர் ஒரு பஸ்ஸைத் தூக்கி மருந்துக்கடைக்குள் சொருகியது. மிஷினை மாடிக்குத் தூக்கப் போன தையல்காரரின் தம்பியைப் படியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அவரோடு சேர்த்துப் பதினாறு பேர்.
தப்பியவர்கள் எல்லோரும் பள்ளியில் ஒதுங்கியிருக்கிறோம். இன்று மத்தியானம் அப்பா உடம்பெல்லாம் சேறாக எங்களைத் தேடி வந்தார். "ஊரை முழுகடிச்சிட்டு மகளைப் பாக்க வந்தியா?" தையல்காரர் கையில் உடைந்த மேசைக் கால். முதல் அடி தோளில். இரண்டாவது கையில். அந்தச் சத்தம் — காய்ந்த குச்சியை முறித்தால் வருமே, அதேதான். அப்பா தடுக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் மிதித்தார்கள். நான் தையல்காரர் கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம்.
காலை எட்டரை அளவு: 214. சத்தியமாக ஒரு சொட்டுகூட நான் சேர்க்கவில்லை.

மே 10
அப்பாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு. ஊட்டிவிட்டேன். "உப்பு பத்தல" என்றார். அழுதிருந்தால்கூடத் தேவலை.

மே 19
நகரத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்திருக்கிறாள். விழுக்காடு இல்லாமல் வாய் திறக்காததால் அவள் பெயர் இனி விழுக்காடு அக்கா. "வெயிலும் மழையும் அடுத்தடுத்து வந்து அடிச்சிருக்கு. அதுல பூமி சூடானதோட பங்கு எவ்வளவு, மதகோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்கணும்" என்றாள். பதிவேட்டைப் புரட்டியவள் நின்றாள். "ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவை நூறைத் தாண்டியிருக்கே. அப்ப பெருமழை இங்க புதுசில்ல போல."
கூட வந்த விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "அஞ்சு தடவையும் வெள்ளம் வரல. இந்தத் தடவை மட்டும் வந்துச்சுன்னா, மதகுக்காரன் தூங்கியிருக்கான்."
என் ஐந்து பாட்டில்கள்.

மே 20
சொன்னால் 214-ஐயும் பொய் என்பார்கள். சொல்லாவிட்டால் அப்பா பதினாறு பேரைக் கொன்றவர். மழைமானிக்கும் மானம் உண்டு. எனக்கு?

மே 21
வீடு திரும்பியதிலிருந்து எங்கள் மேல் கல்லெறிகிறார்கள். இன்று இன்னொரு கல். ஜன்னல் கண்ணாடி அம்மாவின் நெற்றியில் இறங்கியது. நாலு தையல். சொல்லிவிடுகிறேன்.

மே 22
நிவாரண வரிசை நின்ற கூடத்திலேயே சொன்னேன். தலைமை ஆசிரியர் அறைந்ததில் காது இன்னும் கொய்ங் என்கிறது. விழுக்காடு அக்கா திட்டவில்லை. ஐந்து எண்களையும் அடித்தாள். பிறகு, "214-ம் உன் கையெழுத்துதானே? வேற யாராவது அளந்தாங்களா?"
வரிசையிலிருந்து ஒரு குரல்.
"எட்டரை அங்குலம்."
தையல்காரர். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மொட்டை மாடியில காலி பெயின்ட் டிரம் இருந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் கழுவி வச்சேன். தம்பி போயிட்டான். மறுநாள் காலையில படகு வர்றவரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. அளந்தேன்."
அக்கா மில்லிமீட்டருக்கு மாற்றிப் பெருக்கினாள். 216.
அவர் கையில் என் பல் பதிந்த இடம் இன்னும் ஆறவில்லை.

ஜூன் 14
அறிக்கை வந்துவிட்டது. சூடாகாத பூமியில் இப்படி வெயிலும் மழையும் சேர்ந்து அடிப்பது முந்நூறு வருடத்துக்கு ஒரு முறை. இப்போது இருபது வருடத்துக்கு ஒரு முறை. சிவப்புக் கோடு பழைய மழைக்குப் போட்டது. அப்பா விதிப்படிதான் திறந்தார். ஆனால் அரை மணி முன்னால் திறந்திருந்தால் கீழ்த் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் குறைந்திருக்கும். அக்கா அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள்.
அப்பா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். "முழங்கால் அளவு" என்றார்.

ஜூன் 20
மழைமானிக்குப் பூட்டு போட்டாயிற்று. சாவி தையல்காரரிடம். தினமும் எட்டரைக்கு வருகிறார். நான் அளக்க, இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.
"எவ்வளவு?"
"பூஜ்யம்ணே."
"ஊத்தலையே?"
"ஊத்தினா பூஜ்யம் எப்படி வரும்?"
சிரிக்கவில்லை. படி இறங்கும்போது, "உங்கப்பா சட்டையில கை நுழையாதே, மாவுக்கட்டோட" என்றார். "கொண்டா. பிரிச்சுத் தைச்சுத் தரேன்."
"அளவு எடுக்க வீட்டுக்கு வர்றீங்களா?"
நின்றார். கழுத்திலிருந்த நாடாவை உருவி என்னிடம் நீட்டினார். "நான் வரல. நீயே அளந்து எழுதிட்டு வா."
அப்பாவின் மாவுக்கட்டுச் சுற்றளவு பதிமூன்றே கால் அங்குலம். இரண்டு முறை அளந்தேன்.