பளபளப்பை எடுக்கும் கண்ணாடி

நண்பா,

மகள் புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறாள். "அப்பா, இதுக்கு போலரைசிங் ஃபில்டர் தேவையா?" என்று நேற்று கேட்டாள். எழுந்து வெளியே போய்விட்டேன். காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பொன்னேரியில் நாம் கூட்டாக ஸ்டுடியோ நடத்திய எழுபதுகள். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை, காலண்டருக்குப் பழவேற்காடு ஏரியைக் கலரில் கேட்டது. மெட்ராஸ் போய், லென்ஸ் முன்னால் மாட்டும் அந்த ஃபில்டர் கண்ணாடியை வாங்கி வந்தேன். வானம் நீலமாகும், தண்ணீரின் பளபளப்பு போய்விடும் என்று நான் அளந்துகொண்டிருக்க, நீ விடவில்லை. "இன்னாடா பேஜாரு இது! பளபளப்பு போச்சுன்னா அது ஏரியா? குட்டைடா!" உனக்கு எப்போதும் வாய்க்கொழுப்பு அதிகம்.

பழவேற்காட்டுக் கரையில் வாடகைப் படகில் ஏறும்போது ஒரு பெண் ஓடிவந்தாள். "அண்ணா, வலை போடப் போன எங்க ஊட்டுக்காரரு முந்தாநாள்லேர்ந்து வரல. ஊரே தேடிக்கினு கீது. நீங்களும் பாருங்கண்ணா." பார்க்கிறோம் என்றாய்.

நடு ஏரியில் காற்று நின்றுவிட்டது. ஒரு பறவைகூட இல்லை. நம் கேமராவில் பார்க்கும் லென்ஸ் வேறு, படமெடுக்கும் லென்ஸ் வேறு; அதன் வழியாகப் பார்த்தால் ஃபில்டரின் வேலை தெரியாது. கண் முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் லென்ஸில் மாட்ட வேண்டும். கேலி பேசிக்கொண்டே வாங்கித் திருப்பினாய். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாய். ஃபில்டரை என்னிடம் நீட்டினாய்.

வெறும் கண்ணுக்கு ஏரி வெயிலில் தகரக் கூரை போல மின்னியது. ஃபில்டரைத் திருப்பினேன். மினுக்கு மெல்ல விலகியது. கீழே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கால்கள் வலையில் சிக்கியிருந்தன. தலைமுடி அசைந்தது. கண்கள் திறந்து நம்மையே பார்த்தன. கண்ணாடியை எடுத்தால் வெறும் மினுக்கு. வைத்தால் அவன்.

படகுக்காரர் குதித்து அவனை மேலே கொண்டுவந்தார். கரையில் அவள் உன்னிடம்தான் கேட்டாள், "எப்டிண்ணா இருந்தாரு?"

"தூங்கறாப்ல இருந்தாரும்மா."

எந்த இடம் என்று படகுக்காரர் கைகாட்டினார். அவள் வெகுநேரம் அங்கேயே பார்த்தாள். "நேத்து தேடப் போனப்போ அங்கதாண்ணா நானும் படகுலேர்ந்து எட்டிப் பாத்தேன். தண்ணில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

காலண்டர் படத்தை ஃபில்டர் இல்லாமலே எடுத்துக் கொடுத்தோம். ஏரியில் பார்த்ததைப் பற்றி அப்புறம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து தேங்கிய தண்ணீர் எதைப் பார்த்தாலும் எனக்குப் பயம்.

போன மாதம் உன் பிள்ளைகள் உன் அஸ்தியை அந்த ஏரியில்தான் கரைத்தார்கள். நானும் படகில் போனேன். நீ கரைந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. அது போதும் என்று திரும்பிவிட்டேன்.