எருமை மேல ஒரு பையன்

1997 ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிஞ்சதிலிருந்து மழை. மாத்தளை முழுக்கச் சேறு. ஜெரோமப் பத்தி ஒண்ணும் தெரியல. ஞாயிறு உக்குவளை ஸ்டேஷன்ல ஆமி சுத்திவளைச்சுப் பிடிச்ச பையன்கள்ல நம்ம மகனும் ஒருத்தன். அடையாள அட்டையில தோட்டத்து விலாசம், தமிழன்னு சந்தேகப்பட அது போதுமாம். பெத்தவ ஸ்டெல்லா கொண்டு போன சோத்துப் பார்சலக் கேம்ப் வாசல்லயே திருப்பிட்டாங்க.

வாங்கணும்: மெழுகுதிரி, மண்ணெண்ணெய்.

சும்மா இருக்க முடியல. அலமாரியத் திறந்து சேத்து வெச்ச சீனா மூக்குப்பொடிக் குப்பிகளத் தொடைச்சேன், காஞ்ச துணியில. வேற நாளா இருந்தா ஸ்டெல்லா சிரிப்பா, "பொடி போடாத மனுசனுக்கு இத்தனை பொடிக்குப்பி எதுக்குங்க?" இன்னைக்குச் செபமாலையோட உக்காந்திருக்கா.

15, புதன்

கண்டி. பழைய தொரை வீடு. அவர் நடத்தின தோட்டத்துல நான் மருந்து குடுக்குற டிஸ்பென்சர். அவருக்கும் இதே குப்பிப் பைத்தியம். கேம்ப் மேஜர் அவருக்குச் சொந்தம். நீலக் குப்பியக் கொண்டு போனேன். புரட்டிக்கூடப் பாக்கல.

"டிஸ்பென்சர், இது வேணாம். அந்த எருமைக் குப்பி இருக்குதானே? சனிக்கிழமை மேஜர் சாப்பிட வர்றார். அதுக்கு முன்ன கொண்டு வாங்க, பேசுறேன்."

எருமைக் குப்பி, இவருக்கு முன்ன இருந்த வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போறப்ப பங்களா ஏலத்துல எடுத்தது. பெருவிரல் அளவு. வளைஞ்ச தூரிகையக் குப்பி வாய் வழியா விட்டு, கண்ணாடிக்கு உட்பக்கம் வரைஞ்ச படம். எருமை மேல ஒரு பையன், குழல் ஊதுறான்.

மொதல்லயே அதக் கொண்டு போயிருக்கலாம். மனசு வரல. பெத்த பிள்ளை உள்ள கெடக்கான், நான் குப்பி பொறுக்கிட்டு இருந்திருக்கேன். சீ.

17, வெள்ளி

மழை விடல. நேத்து ஸ்டெல்லா வஹக்கோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய், பொழுது சாஞ்சு வந்தா. கரண்ட் இல்ல. காலையில பாத்தா எருமைக் குப்பி மாதா படத்துக்கு முன்னால நிக்குது. உள்ள தெளிஞ்ச தண்ணி.

"தீர்த்தங்க. பிள்ளைகிட்ட எப்படியாவது சேர்க்கணும். இதுக்குத்தான் மூடி இறுக்கம், சிந்தாது. உள்ள பழைய பொடி இருந்திருக்கும் போல, கருப்பாத் தண்ணி வந்துச்சு. தெளியிற வரைக்கும் குலுக்கிக் கழுவினேன்."

வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். எருமையோட ஒரு கால் மட்டும் அடியில ஒட்டிக்கிட்டு. பையன் இல்ல.

படம் உள்ளதான் இருக்குன்னு ஒரு நாளும் அவளுக்குச் சொன்னதில்ல. தொடவே விட்டதில்லையே. தொரை கேட்டதையும் சொல்லல. "நல்லதுதான் செஞ்ச"ன்னேன். பின்பக்கம் போய் அழுதேன்.

18, சனி

மத்த குப்பி எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு கண்டி. தொரை வாசல்லயே, "எருமை?" நடந்ததச் சொன்னேன். "ஐயோ பாவம்"னார். மகனுக்கா குப்பிக்கா தெரியல. கதவச் சாத்திட்டார்.

மத்தியானம் ஸ்டெல்லாவோட கேம்ப் வாசல். காவலுக்கு நின்ன பொடியன் கழுத்துல சிலுவை. ஸ்டெல்லா அதப் பாத்துட்டா. சிங்களத்துல கெஞ்சினா, அந்தோனியார் தீர்த்தம், மகனுக்குக் குடுங்கன்னு. மகன் பேரக் கேட்டான். வாங்கிட்டு உள்ள போனான். ரொம்ப நேரம் கழிச்சுக் குப்பி திரும்பி வந்துச்சு. காலி.

"குடிச்சிட்டான்ங்க! உள்ளதான் இருக்கான்!" என் தோளப் பிடிச்சுக்கிட்டு அழுறா, சிரிக்கிறா.

அவள பஸ் ஹோல்ட்டுல நிக்க வெச்சிட்டுத் திரும்பிப் போய்க் கேட்டேன். பொடியன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அந்தப் பேர்ல உள்ள யாரும் இல்ல ஐயா. தீர்த்தத்தத் தரையில கொட்டக் கூடாதே. நான் குடிச்சிட்டேன்."

ஸ்டெல்லா இன்னைக்குத்தான் சோறு சாப்பிட்டா. ரெண்டாவது தரமும் போட்டுக்கிட்டா.