கேட்டிருக்க வேண்டாத அனுமதி

1. கண்டி நகரில் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சட்டத்தரணியாகத் தொழில் செய்துவரும் பெ. கதிர்வேல் ஆகிய நான், எவருடைய தூண்டுதலுமின்றி இதை எழுதுகிறேன்.

2. தெல்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்தவரும், சென்ற மாதம் காலமானவருமான உங்களுக்கே இது எழுதப்படுகிறது. உங்கள் பெயரையும் அவ்விடத்துப் பிரதேச சபையின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

3. இதிலுள்ள யாவும் நான் நேரில் அறிந்தவை. என் சங்கடமும் அதுதான்.

அக்கா, இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டில் உங்கள் பழைய வழக்குக் கோவை அகப்பட்டது. குண்டூசி துருவேறி முதல் தாளில் பழுப்புக் கறை விட்டிருந்தது. கறைக்குக் கீழே என் வாசகம்: “பொதுமக்கள் கூடுவதற்குத் தங்களின் மேலான அனுமதியைத் தயவுடன் கோருகிறோம்.” அந்த ஒரு வரியை வாசிப்பதற்குள் நாலு தடவை கதிரையை விட்டு எழுந்து ஜன்னல்வரை போய்வந்தேன்.

அன்று நீங்கள் தோட்டத்துக்குப் போகும் ஆற்றுப் பாலத்துக்காக வந்தீர்கள். பலகை இரண்டு போய், காம்பராவுக்கு வந்த ஒரு பிள்ளை இடைவெளியில் நழுவ, சட்டையைப் பிடித்துத் தூக்கியிருந்தீர்கள். “சபைக்குப் போனா தோட்டத்துப் பாலங்கிறாங்க. தோட்டத்துல கேட்டா சபைப் பாலங்கிறாங்க. மழை வந்துச்சின்னா அது ஆத்தோட பாலமாயிருது, லோயரய்யா.” சபையின் மாதக் கூட்டம் நடக்கும் நாளில், வீதியோரமாக நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று, பாலத்தைத் திருத்தக் கேட்டு மகஜர் கொடுப்பது உங்கள் எண்ணம். அதற்கு மேல் எதுவும் நீங்கள் கேட்கவில்லை.

ஊர்வலத்துக்குப் பொலிசுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தால் போதும். அதைச் செய்தேன். சபையின் மைதானமோ மண்டபமோ வேண்டுமென்றால்தான் சபையிடம் அனுமதி கேட்க வேண்டும். நீங்கள் இரண்டையும் கேட்கவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சபைக்கு ஒரு விண்ணப்பம் சொல்லச்சொல்ல, என் லிகிதர் பாரூக் தட்டச்சை நிறுத்தினார். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்; அதிகம் பேசமாட்டார்.

“சேர், பொலிசுக்கு அறிவிச்சாச்சு தானே? சபைக்கிட்ட ஏன் கேக்கிறீங்க? கேட்டா இல்லன்னு சொல்ல நாமளே இடம் குடுத்த மாதிரி தானே?”

“ஒரு பாதுகாப்புக்கு,” என்றேன்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். “விடுங்க பாரூக் தம்பி. ஐயா ஆத்துல குளிக்கப் போனாலும் குடையோட போறவரு.”

சபை மறுத்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். போகவேண்டாம் என்று நான் சொன்னேன். “சனத்துக்கிட்ட சொல்லியாச்சி. நடந்துதானே போறோம், யாரு தலையில ஏறிப் போறோம்?” என்று கிளம்பினீர்கள். சந்தியில் பொலிசார் மறித்து, சபையின் மறுப்புக் கடிதத்தின் பிரதியை நீட்டினார்கள். பிறகு நீங்களே எனக்குச் சொன்னீர்கள்: “நாமளே கேட்டோமாம். இல்லைன்னாங்களாம். அப்புறம் எதுக்கு வந்தோமாம். என்ன பதில் சொல்ல, நீங்களே சொல்லுங்க.” உங்களைக் கைதுசெய்து ஒன்பது நாள் மறியலில் அடைத்து வைத்தார்கள்.

நீதிமன்றத்தில் நான் நன்றாகவே வாதாடினேன். பொது வீதியோரம் கூடுவதை மறுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்றேன். நீதவான் ஏற்று உங்களை விடுவித்தார். இல்லாத அந்த அதிகாரத்தைச் சபையின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. வெளியே, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி நான் உள்ளதான் கெடந்திருப்பேன்” என்றீர்கள். கையை விலக்கிக்கொள்ளவும் எனக்குத் தைரியமில்லை.

இதைவிடப் பாரமான ஒன்று உண்டு. தோட்டம் உங்களை வேலையிலிருந்து நிறுத்தியது. நிறுத்தற் கடிதத்தில் காட்டிய காரணம் ஒன்றே ஒன்று: சபையின் மறுப்பை மீறினீர்கள். வேலையைத் திரும்பக் கேட்டு வழக்காடத் தொழில் நியாய சபைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். “வருசக்கணக்கா இழுக்கும் அக்கா, வேணாம்” என்றேன். வழக்குகள் இழுபடுவது உண்மை. ஆனால் அதற்காக நான் தடுக்கவில்லை. அந்த வழக்கில் முதல் ஆவணமாக என் விண்ணப்பமே மேசைக்கு வந்திருக்கும். அனுமதி கேட்கச் சொன்னது யார் என்று உங்களைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் என் வார்த்தையை நம்பிக் கண்டியில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போனீர்கள்.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அதிரசத்தோடு என் கந்தோருக்கு வந்தீர்கள். ஒரு தடவை பஸ் நிலையத்தில் வைத்துத் தொடங்கினேன்: “அக்கா, அந்த விண்ணப்பம்...” “அத ஏன் இப்ப? பஸ் எடுக்கப்போறான்!” என்று ஏறிவிட்டீர்கள். அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம்.

இப்போது அங்கே சபையே கட்டிய கொங்கிரீட் பாலம் இருக்கிறது. தோட்டத்து மயானத்துக்கு உங்கள் சவப்பெட்டி அதைக் கடந்துதான் போனது. கல்லறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். உங்கள் துணிச்சலைப் பற்றிப் பேசினேன். ‘சபை மறுத்தது’ என்று மறுபடியும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். உங்கள் மகள் ரோசலின் எனக்கு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து எந்தக் கதிரையிலும் என்னால் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இன்று பின்னேரம், மருந்துக் கடை வேலை முடிந்து கந்தோருக்கு வந்த ரோசலினிடம் மேலே எழுதியதைக் கொடுத்தேன். முழுவதும் வாசித்தாள். உங்களை வேலையிலிருந்து நிறுத்தியதைச் சொல்லும் பந்தியை இரண்டாம் முறையும் வாசித்தாள்.

“அப்ப அம்மாவுக்கு அந்த வேலை திரும்பக் கெடைச்சிருக்குமா?”

“கிடைத்திருக்கக்கூடும்.”

“கூடும்னா?”

“கிடைத்திருக்கும், மகள்.”

தட்டச்சு மேசையிலிருந்த பாரூக் எழுந்து வந்தார். சாட்சியாகக் கையெழுத்திட முடியுமா என்று இருவரையும் கேட்டேன். ரோசலின் என் பேனாவை எடுக்கவில்லை. தன் பையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

“வாசிச்சேன்னுதான் போடுறேன் ஐயா. மன்னிச்சேன்னு இல்ல. அதையும் எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன் அக்கா. அவள் சொன்னபடியே, ஒரு சொல்லும் குறைக்காமல்.

ஒப்பம்: பெ. கதிர்வேல்
கண்டி

சாட்சிகள்:
1. ஜெ. ரோசலின் — வாசித்தேன்.
2. மு. பாரூக் — அன்று தட்டச்சு செய்தவன்.