சங்கு பிடித்தவள்

ஜூன் 15, ஞாயிறு

நாளை கல்லூரி திறக்கிறது. பாடத்திட்டத்தை இன்னும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. காரணம் ஏஞ்சலின். எங்கள் கல்லூரியில் அவள் ஆங்கிலம், நான் புள்ளியியல். மாதா கோயில் குலுக்கலில் அவளுக்கு நான்கு டிக்கெட் விழுந்ததாம். பீச் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் ‘எஸ்கேப் ரூம்’. கரை தட்டிய கப்பலின் கேப்டன் அறை மாதிரி ஜோடித்து, உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தேடிப் பிடித்து, பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும். வலியப் போய்ப் பூட்டிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போனேன்.

இவர் பெயிண்ட் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு வந்தார். மகள் ரம்யாவும் வந்தாள். சென்னையிலிருந்து இரண்டு வார லீவில் வந்தவள், இது மூன்றாவது வாரம்.

38 நிமிடம் 12 விநாடி. நடத்துகிற டேவிட்சன் கதவைத் திறந்தவுடன் சொன்னார்: “டீச்சர், நாப்பதுக்குள்ள இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல.” எல்லோரிடமும் இதைத்தான் சொல்வாராயிருக்கும்.

கடைசிப் பூட்டுக்கு மூன்று எண்கள். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதை எதற்குத் தேட வேண்டும்? இருப்பதே பத்து இலக்கம்தானே. பூஜ்யத்திலிருந்து திருகிக்கொண்டே வந்தேன், ஏழில் திறந்துகொண்டது.

திரும்பி வரும்போது இவர்: “ஏளா வடிவு, எனக்கு ஒரு பூட்டாவது விட்டுவச்சிருக்கலாம்லா.”

ஏஞ்சலின் சிரித்தாள். ரம்யா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் 38:12 என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன்? யாரும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

டேவிட்சன் புகைப்படம் அனுப்பியிருக்கிறார். நேரம் எழுதிய பலகையை நான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு பல் தெரிய நான் சிரிப்பேனா?

விஷயம் அதுவல்ல. ரம்யாவின் இடது கையில் ஒரு பித்தளைச் சாவி. பெரிதாக்கிப் பார்த்தேன். சாவிதான். அந்த அறையில் செய்த ஒவ்வொன்றையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கப்பல் கொடிகள், முத்துச் சல்லடைகள், கடைசிப் பூட்டு. அதில் எங்கும் சாவி கிடையாது.

சாப்பிடும்போது கேட்டேன், அது எங்கே கிடைத்தது என்று.

“டிராயருக்குப் பின்னால. சொன்னேனேம்மா.”

“எப்ப?”

“ரெண்டு தடவ.”

போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ‘பொறு’ என்று சொல்லியிருப்பேன். அல்லது ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டேன். எது மோசம்?

ஜூன் 21, சனி

டேவிட்சனுக்கு போன் செய்தேன். சாவியைப் பற்றி மட்டும்தான் கேட்பதாக இருந்தேன்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க டீச்சர். ஆனா பாதி ரூம நீங்க பாக்கவே இல்ல. திருகித் தொறந்துட்டுப் போய்ட்டீங்க.” கோபமில்லை, ஆனால் வருத்தமாகத்தான் சொன்னார். அந்தப் பாதியைச் செய்ய அவருக்கு நான்கு மாதமாயிற்றாம்.

மறுபடி வரலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது தெரிந்தது.

வரலாமாம். ஆனால் ஜெயித்தவர் மறுபடி வந்தால் சங்கு பிடிக்க வேண்டும். “எங்கப்பா கடல்ல முங்கிச் சங்குகுளிக்கப் போனவர். வீட்ல பெரிய சங்கு ஒண்ணு கெடக்கு. அத ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நிக்கணும். கீழ வச்சா அஞ்சு நிமிஷம் கழிச்சிருவேன். வாயத் தொறந்தா பத்து.”

இதென்ன, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் போல?

திரும்பப் போக என்ன காரணம் என்று எழுதிப் பார்த்தேன். சாவி எதைத் திறக்கிறது என்று தெரிய வேண்டும், இது ஒன்று. குருட்டாம்போக்கில் வந்த விடை விடையாகாது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டே நானே அதைச் செய்தது இரண்டு. மூன்றாவது என்று எண் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

ரம்யா தினமும் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறாள். வொர்க் ஃப்ரம் ஹோம் என்கிறாள். இன்று மாடியில் காய்ந்த துணியை அவள் அறையில் வைக்கப் போனேன். மேசையில் இருந்தது ஆபீஸ் லேப்டாப் இல்லை. அதன் மூடியில் கம்பெனிப் பட்டை ஒட்டியிருக்கும். இது கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் வாங்கிக் கொடுத்தது.

வேலை போய்விட்டதா? விட்டுவிட்டாளா? உடம்புக்கு ஏதாவதா? பையன் விவகாரமா? எந்த ஊகத்துக்கும் தரவு போதாது.

இவரிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே, “பிள்ளைய விடு. சொல்லும்போது சொல்லுவா” என்கிறார். இவருக்குத் தெரியுமா? தெரிந்தால் எனக்கு ஏன் தெரியக்கூடாது?

துறைமுகத்தில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் இடம், திருநெல்வேலியில் ஒரு வங்கித் தேர்வுப் பயிற்சி மையம். மூன்றையும் போன் நம்பரோடு ஒரு தாளில் எழுதி இந்த நோட்டிலேயே மடித்து வைத்திருக்கிறேன். ரம்யாவுக்குத் தேவைப்படும்.

ஜூன் 29, ஞாயிறு

போனோம். அதே நான்கு பேர்.

எல்லோருமே விளையாடியவர்கள்தானே, யார் சங்கு பிடிப்பது என்று டேவிட்சன் தலையைச் சொறிந்தார். இவர், “தம்பி, நாங்க எங்க வெளையாண்டோம்? இவதான் வெளையாண்டா” என்று சங்கை எடுத்து என் கையில் வைத்தார். ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்ல கனம். உள்ளே லேசாக மீன் வாடை. எண்களை எல்லாம் டேவிட்சன் மாற்றியிருந்தார். கடைசிப் பூட்டும் புதிது, மூன்று முறை தப்பாகத் திருகினால் இறுகிவிடுமாம். யாருக்காக என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததை அடுத்தவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இவ்வளவு கஷ்டமா? முத்துகளைத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகள் பத்து இருக்கின்றன. துளையின் அளவுப்படி அடுக்க வேண்டும், வேறொன்றுமில்லை. ஏஞ்சலின் துளைகளை எண்ணத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பொறுக்க முடியாமல் நான் சங்கை வாய் உயரத்துக்குத் தூக்கிவிட்டேன்.

“ஏ வடிவு, எங்களுக்குச் சங்கு ஊதிராதப்பா!” என்றாள் ஏஞ்சலின்.

ரம்யா வேலை செய்வதை இதற்குமுன் நான் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். எந்தப் பொருளையும் முதலில் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறாள். திருப்பிப் பார்க்கிறாள், தனக்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறாள். மெதுவாக. எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சல்லடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். சரியான வழிதான். ஆனால் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

சல்லடையை அல்ல, என்னை. சரியா தப்பா என்று என் முகத்தில் தேடினாள். எத்தனை வருஷமாக இப்படிப் பார்க்கிறாள்?

நான் குனிந்து சங்கின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்பு. பிறகு பித்தளை பித்தளையோடு உரசும் சத்தம் கேட்டது.

டிராயரின் பின்னால் அவள் கையை விட்டுச் சாவியை எடுத்தபோது ஒரு நிமிடம்தான் பாக்கி. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இவர் இழுக்க, அவள் திறக்க, மணி அடித்துவிட்டது. தோற்றோம்.

ரம்யா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வந்து ஐந்து வாரத்தில் அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன். “அப்பா, இன்னொரு தடவ வருவோமாப்பா?”

என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டாள்.

ஜூன் 30, திங்கள்

ஜெயித்த அன்று ரம்யா சிரிக்கவில்லை. நேற்று தோற்றதற்குச் சிரிப்பு. காரணம் தெரிகிற மாதிரி இருக்கிறது. எழுதினால் நழுவிவிடுகிறது.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ரம்யா வந்து கிரைண்டர் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, நான் ஏப்ரல்லயே வேலைய விட்டுட்டேன்.”

ஏப்ரல். அப்படியானால் இங்கே வருவதற்கு முன் ஒன்றரை மாதம்? தினமும் ஒன்பது மணிக்கு ஹாஸ்டலிலிருந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, லைப்ரரியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புவாளாம். அறையில் கூட இருக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியாதாம்.

முறைப்படி எழுதிக் கொடுத்தாயா, அனுபவச் சான்றிதழ் வாங்கினாயா, பி.எஃப். என்ன ஆயிற்று, யார் என்ன சொன்னார்கள் — எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. தம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சூடு. விரல் எரிந்தது. வைக்கவில்லை.

அவள் பார்த்தாள். முதலில் என் முகத்தை. பிறகு கையை.

“சங்கு பிடிச்ச மாதிரியே நிக்கீங்க.”

அதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னாள். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மறுநாளை நினைத்துத் தூங்காமல் மணியையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஆபீஸ் லிஃப்டில் மேலே போய், இறங்காமலே அதே லிஃப்டில் கீழே வந்துவிடுவாளாம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பதையும் அவளே சொன்னாள்.

“சொன்னா அன்னைக்கே இன்னொரு வேலைக்கு ஏற்பாடு பண்ணிருப்பீங்கம்மா.”

மூன்று இடம் எழுதிய தாள் இங்கேதான் மடித்து இருக்கிறது.

ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டேனே, அது சரியா? அம்மா கேட்க வேண்டியதைக் கேட்காத அம்மாவா நான்? தெரியவில்லை. காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. இரண்டு பேரும் அதைத்தான் குடித்தோம்.

ஜூலை 4, வெள்ளி

இவருக்கு மே மாதமே தெரியுமாம். கோபித்துக்கொள்ள வேண்டும். நாளைக்குக் கோபித்துக்கொள்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்றாவது தடவை. 53:40.

சாவி திறந்த பெட்டிக்குள் கடல் வரைபடம் ஒன்று இருந்தது, துணியில் கையால் வரைந்தது. கரையோரத்தில் சிப்பி விளையும் முத்துப்பார்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டுகளை எண்ணினால் கடைசி இலக்கம். ரம்யா எண்ணி முடித்ததும் ஒரே திருகில் பூட்டைத் திறந்தாள். இந்த முறை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அவ்வளவு அழகான படத்தை முதல் தடவை பார்க்காமலே வெளியே வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டேவிட்சன் சுவரில் புதுப் புகைப்படம் மாட்டப்போகிறார். அதில் பலகை ரம்யா கையில். நான் ஓரமாக, சங்கோடு.

வரும் வழியில் மக்ரூன் வாங்கி வண்டியிலேயே தின்றோம். ரம்யா ஏதோ யோசித்துக்கொண்டு வந்தாள். அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தாள் இன்னும் இந்த நோட்டில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.