ஆர்டிஸுக்கு நான் சொன்ன மென்பொருள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் ஓட்டும் அந்தத் தையல் மெஷின் பாதியில் நின்றது. எங்கெபிரெட்சன் வீட்டார் தைக்கக் கொடுத்த போர்வை. கம்ப்யூட்டர் அடுத்த பூ டிசைனைத் தேடிக்கொண்டிருக்க, ஊசி அதே இடத்தில் குத்திக் குத்தி முடிச்சுப் போட்டுவிட்டது. உட்கார்ந்து பிரித்தேன்.

கம்ப்யூட்டர் கிழடு. ஃபைல்கள் டிஸ்க் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன, அதைப் பொறுக்குவதற்குள் ஊசிக்குப் பொறுமை இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் இந்தத் தையல் புரோகிராம் ஓடாது. ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஏதாவது வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்களும் ஆர்டிஸிடம் போய்விடுவார்கள்.

ஆர்டிஸ்! என் வீட்டு நிலவறையில் என்னோடு சேர்ந்து தைத்தவள். போகும்போது பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். போனது போகட்டும். சர்ச்சில் என்னைப் பற்றி என்ன சொன்னாளாம்? "பாவம் மார்லிஸ், அவ கண்ணுக்கு இப்பல்லாம் நேர்கோடே தெரியறதில்ல." இதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

மார்ச் 5

கம்ப்யூட்டரோடு வந்த ஒழுங்குபடுத்தும் புரோகிராமையே ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மத்தியானம் வரை இதே கூத்து. நிறுத்திவிட்டேன்.

மார்ச் 7, சனி

கடையில் இரண்டு மென்பொருள் பெட்டிகள் பார்த்தேன் - ராக்கெட்பேக், டைடிடிரைவ். ராக்கெட்பேக்தான் வேகமாம், டிஸ்கில் ஒரு சந்து பொந்து விடாமல் அடுக்குமாம். வாங்குவதற்கு முன் க்ளேட்டனுக்குப் போன் போட்டேன். எனக்கும் ஆர்டிஸுக்கும் ஒரே நாளில் மெஷின் விற்றவர் அவர்தான்.

"ராக்கெட்பேக்கைத் தொட்டுடாதீங்க. தையல் புரோகிராம் தன்னோட லைசென்ஸ் சாவியை டிஸ்க்ல ஒரே இடத்துல ஒளிச்சு வெச்சிருக்கும். அது நகந்துச்சுன்னா உங்களைத் திருடின்னு நினைச்சுப் பூட்டிக்கும். கம்பெனியே மூடியாச்சு, வேற சாவி யாரு தருவா?" டைடிடிரைவில் எதைத் தொடக்கூடாது என்று நாமே சொல்லி வைக்கலாமாம்.

அதையே வாங்கினேன்.

மார்ச் 9

ஓடுகிறது. எங்கெபிரெட்சன் போர்வை முடிந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

மார்ச் 11, புதன்

சர்ச்சில் தவக்கால சூப் விருந்து. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்டிஸ் நேராக என் மேஜைக்கே வந்தாள். என்ன நெஞ்சழுத்தம்!

"உன் மெஷின் சரியாயிடுச்சாமே? என்னுதும் நின்னு நின்னு குத்துதுடீ. என்ன போட்டே?"

நான் யோசிக்கவே இல்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய்.

"ராக்கெட்பேக்"னு சொன்னேன். "எல்லாத்தையும் நகர்த்தவான்னு ஒரு கட்டம் கேக்கும். அதையும் டிக் பண்ணிடு."

காகித நாப்கினில் எழுதிக்கொண்டாள். நன்றி வேறு சொன்னாள்.

மார்ச் 12

மனசு உறுத்துகிறதா என்று பார்த்தேன். இல்லை.

மார்ச் 16, திங்கள்

மளிகைக் கடையில் வெர்னா சொன்னாள் - ஆர்டிஸின் மெஷின் பூட்டிக்கொண்டதாம், நடுப் போர்வையில். க்ளேட்டனும் கையை விரித்துவிட்டாராம். "ஐயோ பாவம்" என்றேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத்தான் சிரமமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எலுமிச்சை பார் இனிப்பு ஒரு தட்டு முழுக்கச் செய்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை. நேர்கோடு தெரியாத கண்ணுக்கு இந்த டிஸ்க் நன்றாகவே தெரிந்தது ஆர்டிஸ்!

மார்ச் 28, சனி. என் பிறந்தநாள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியாது.

மகள் பிரிட்டா மின்னியாபொலிஸிலிருந்து வந்தாள். பெரிய பொட்டலம். பிரித்தால் என் கணவர் ஆர்லனின் சட்டைகள். அவர் போன பிறகு தேவாலய விற்பனைக்குக் கொடுத்துவிடு என்று நான் மூட்டை கட்டி அவளிடம் கொடுத்தவை. கொடுக்கவில்லையாம். வெட்டி, ஒட்டி, போர்வையாக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை நடுவில்.

தடவிப் பார்த்தேன். பாதி வரை மெஷின் தையல். அதன் பிறகு கைத்தையல்.

"யாரு தைச்சா?"

"ஆர்டிஸ் ஆன்ட்டிதான். உனக்குக் குடுக்கிற பரிசை உன்கிட்டயே தைக்கக் குடுக்க முடியுமாம்மா? பாதியில அவங்க மெஷின் பூட்டிக்கிச்சு. உன் பிறந்தநாளுக்கு ஆயிடணும்னு மீதியைக் கையாலயே தைச்சாங்க. விரலெல்லாம் பிளாஸ்திரி."

அப்படியானால் அன்று ஆர்லன் சட்டைகள்தான் அவள் மெஷினில் கிடந்தனவா? அது நன்றாக ஓட வேண்டும் என்றுதானா என்னிடம் வந்து கேட்டாள்? என்ன காரியம் பண்ணிட்டேன் நான். கடவுளே, என்ன காரியம்.

மார்ச் 30

ஆர்டிஸுக்குப் போன் செய்தேன். உன் வேலையை என் மெஷினில் தைத்துக்கொள் என்றேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. சர்ச்சில் சொன்னது சொன்னதுதான். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

"நிஜமாவா சொல்றே?"ன்னு கேட்டாள். அவள் அழுத மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் ஆர்டிஸ் வந்தாள். துணியை மாட்டினாள், மெஷினை ஓட விட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ராக்கெட்பேக் எங்கடீ? டைடிடிரைவ்னுல்ல இருக்கு."

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"ராக்கெட்பேக் நான் போடவே இல்ல"ன்னேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். "இப்படி ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். க்ளேட்டன் சொன்னார்."

கத்துவாள் என்று காத்து நின்றேன். கத்தியிருந்தால் நானும் சர்ச்சில் பேசியதை எடுத்திருப்பேன், இரண்டு பேரும் சரிக்குச் சரியாகியிருப்போம். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த தையல் வரிசை முடியும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். மெஷினை நிறுத்தினாள். கோட்டு, பூட்ஸ் எல்லாம் நிதானமாகப் போட்டுக்கொண்டாள். படியேறும்போது கேட்டாள்:

"போர்வை கதகதப்பா இருக்கா மார்லிஸ்?"

இருக்கு என்று சொன்னேன்.

போய்விட்டாள். அவள் துணி பாதியில் என் மெஷினிலேயே கிடக்கிறது. நாளைக்கு மீதியைத் தைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கதவைத் திறப்பாளா?