அக்காவின் விரலில் 0.1

ஜனவரி 5, ஞாயிறு

நாளை முதல் சபையில் மூன்று நாள் உபவாசம். தண்ணீர் மட்டும். இதற்காகவே ஆக்லாந்திலிருந்து டாக்டர் ஃபிஃபீட்டா பெட்டியும் கருவியுமாக வந்திறங்கியிருக்கிறார். சாப்பிடாத உடம்பு எத்தனை மணி நேரத்தில் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் தொங்கா தீவில் கொழுப்புக்கா பஞ்சம்? விரல் குத்துகிற வேலை எனக்கு. ஊருக்கு ஒரே நர்ஸ் நான்தானே.

சர்க்கரை நோயாளிகளை ஆய்வில் சேர்க்கவில்லை. அக்கா சுலியேத்திக்கும் சர்க்கரை; உபவாசமே வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினேன். "போன வருஷம் போதகர் என்னைச் சபை நடுவுல நிக்க வெச்சாரே, அப்ப நீ எங்கடி போன?" என்றாள். இரண்டாம் நாள் கை நடுங்கி ஒரு துண்டு சேப்பங்கிழங்கு தின்றதற்குக் கிடைத்த மரியாதை அது. நான் மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 6

முப்பது விரல்கள். எல்லாருக்கும் கீட்டோன் 0.1, 0.2. நேற்று தின்ற பன்றியும் வள்ளிக்கிழங்கும் இன்னும் தீரவில்லை.

ஜனவரி 7

மதியத்துக்குள் ஊரே 1-ஐத் தாண்டிவிட்டது. சாப்பாடு நின்றால் இன்சுலின் குறையும், கொழுப்பு தன் சேமிப்பை இரத்தத்தில் விடும், கல்லீரல் அதைக் கீட்டோனாக்கும், அதைத்தான் அளக்கிறோம் என்றார் டாக்டர். போதகர் ஹவேயாவுக்கு 1.4. "பாத்தியா ஹெய்லாலா, கர்த்தர்கிட்ட மட்டுமில்ல, உன் மெஷின்கிட்டயும் நான் பாஸ்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் மிச்சமிருந்த ஒரு கீட்டோன் ஸ்ட்ரிப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். 0.1! தின்றிருக்கிறாள்! யாருக்கும் தெரியாமல் எதையோ தின்றிருக்கிறாள்! எவ்வளவு நிம்மதி. "எவ்ளோடி?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணடித்தேன். புரியாதவள் போல் விழித்தாள். நடிக்கட்டும்.

ஜனவரி 8

ஜெபத்தின் நடுவில் அக்கா விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 1.6; நாலுக்குக் கீழே போகவே கூடாது. இன்னும் கண் திறக்கவில்லை.

ஜனவரி 9

"சர்க்கரையையும் பாத்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். பார்க்கவில்லை. "மாத்திரை போட்டாங்களா?" போட்டிருக்கிறாள், மூன்று நாளும் தவறாமல். உயிரே போனாலும் மாத்திரையை விடாதே என்று வருஷம் முழுக்கக் கத்தியவள் நான்தான். அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஓங்கியிருக்கும்வரை கொழுப்பு கரையாது; பட்டினி கிடந்தாலும் கீட்டோன் 0.1தான், சர்க்கரை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். நூற்றுப் பத்து கிலோ உடம்பு, ஒரு வாய்ச் சோற்றுக்கு ஈடாகவில்லை.

சாப்பாட்டில் போதகர் பேச்சைக் கேட்டாள், மாத்திரையில் என் பேச்சை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் — ஐயோ, எழுத முடியல. நான் எதுக்கு நர்ஸு?

ஜனவரி 11

கண் திறந்தாள். இடது கை அசையவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 0.1-ஐயும் என் நிம்மதியையும். சொல்லியிருக்கக் கூடாது. நாக்குக் குழறக் கேட்டாள்: "போதகருக்கு நான் யாரோ. நீயுமாடி நான் தின்னேன்னு நெனச்ச?"

ஜனவரி 12, ஞாயிறு

விசுவாசத்துக்கு சுலியேத்தி ஓர் உதாரணமாம். போதகர் பிரசங்கத்தில் சொன்னார். ஆமென் என்றார்கள். என் வாயிலிருந்தும் வந்து தொலைத்தது.

மார்ச் 2

அக்கா வாரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க அடுத்த ஊர் கிளினிக்குக்குப் போகிறாள். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். பஸ் ஏறுவது என் கிளினிக் வாசலில்தான்.